கூறுபட்ட பணியும் கூறுபடாப் பொறுப்பும்

ஒருவன் ஒரு தொழிலை மட்டுமே பயின்று அதில் நிறைவெய்துதல் வேண்டுமா, அன்றிப் பல தொழில்களிலும் கைவரப் பெறுதல் வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. இயல்பாகத் தனக்கு இயைந்த ஒரு தொழிலையே ஒருவன் செய்தல் நன்று என்பது ‘குடியரசு’ நூலிற் பிளேட்டோ கொண்ட முடிபு. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலிலே குண்டூசித் தொழிற்சாலையொன்றை எடுத்துக்காட்டி, பத்துப்பேர் வேலையைப் பகுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் வரை செய்யலாம் எனக் கணக்கிட்டார். வாழ்நாள் முழுவதும் ஓரிரு எளிய செயல்களையே செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும் என்று அதே நூலின் பிற்பகுதியில் அவரே எழுதியதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

குண்டூசியை எவரும் படிப்பதில்லை. படிக்கப்படுவதற்கென்றே செய்யப்படும் பொருளுக்கும் இக்கணக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுவது. மருந்துப் புட்டியின் அறிவுறுத்தல், பொறியொன்றின் கைந்நூல், உரம் இடும் முறை கூறும் துண்டுப்பிரசுரம் ஆகியவற்றை இன்று ஒருவரே எழுதுவது அரிது. துறையறிஞர் தகவலைத் தருகிறார், ஒருவர் அதனை ஆங்கிலத்தில் வரைகிறார், வேறொருவர் தமிழாக்குகிறார், மற்றொருவர் அச்சுப்பிழை திருத்துகிறார். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் வல்லவர்.

சென்ற விடுமுறையில் டயகமவுக்குச் சென்றிருந்தபோது, தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்யும் என் பெரியப்பா களைகொல்லி பற்றிய துண்டுப்பிரசுரமொன்றை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். தூய தமிழ், பிழை ஒன்றுமில்லை. ஒரு ஹெக்டேயருக்கு இத்தனை லீற்றர், ‘உகந்த நீர்த்தல் விகிதத்தைக் கைக்கொள்க’ என்றெல்லாம் இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர், “அது சரிப்பா, மெசினுக்கு எத்தனை மூடின்னு போட்டிருக்கா?” என்றார்.

அது போடப்பட்டிருக்கவில்லை. பெரியப்பாவின் வினா பாமர வினாவும் அன்று. முதுகிற் சுமக்கும் தெளிகருவியில் எவ்வளவு மருந்து கலப்பது என்பது, ஓர் ஏக்கருக்கு எத்தனை முறை அக்கருவி நிரப்பப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அதுவோ கருவியின் குழல்வாயையும் தெளிப்பவரின் நடையையும் பொறுத்தது. டயகமச் சரிவில் ஏறுபவரின் நடையும் சமதரையில் நடப்பவரின் நடையும் ஒன்றல்ல. இரசாயன அறிஞரின் எண் சரி, மொழிபெயர்ப்பாளரின் சொல் சரி, அச்சும் சரி. ஆயினும் அளவு கூடினால் நஞ்சு கூடும் ஒரு வேலையில், அப்பிரசுரம் படிப்பவரை மூடியோடு தனியே விட்டுவிட்டது. இதில் தவறியவர் யார் என்று கேட்டால் ஒருவரையும் சுட்ட முடியாது. என்னை உறுத்துவது இதுவே.

நூலின் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவை எட்டென்று நன்னூல் வகுத்தது. ஆக்கியோன் பெயரோடு ‘கேட்போர்’ என்பதும் ‘பயன்’ என்பதும் அவற்றுள் அடங்கும். நாம் ஆக்கியோனை நான்காகப் பகுத்துக்கொண்டோம். கேட்போரை எவர் பங்கிலும் வைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்று இந்நாட்டில் நிகழ்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்ததோடு 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கிய நூல்கள் நான்காயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. மொழிபெயர்த்த மாணாக்கர் வைத்தியம் கற்றவர்கள். அதே மொழியில் நோயாளருடன் பேசியவர்கள். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழிலும், கிடையாதவிடத்து வடமொழியிலும் தேடி, அங்கும் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதினர். உடற்கூற்றியல் ‘அங்காதிபாதம்’ ஆயிற்று. இரசாயனம் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. இரண்டாவது சொல்லை இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அதனைப் படைத்தவர்கள் வகுப்பிலும் நோயாளியின் கட்டிலருகிலும் நின்றவர்கள்.

இம்முறையின் குறையும் அங்கேயே உண்டு. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். அதன் பின்னரும், 1884இல் இறக்கும் வரையில், மொழிபெயர்ப்புகளை அமெரிக்காவிலிருந்தே பார்வையிட்டு வந்தார். கடல் கடந்த பின்னரும் ஒருவர் கையையே வேலை சார்ந்திருந்தது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றிய பின்னர் காலமும் ஆங்கிலத்தின் பக்கமே சாய்ந்தது; தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. பல்திறன் பெற்ற ஒருவரை நம்பிய பணி அவரோடு முடியும் இடர் உடையது.

தமிழகத்திலே 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘கலைக்களஞ்சியம்’ இரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றைக் காட்டுகிறது. கட்டுரைகளைத் துறைவல்லார் எழுதினர். முதன்மை ஆசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். அவர் கணிதம் கற்றவர், ஆசிரியத் தொழில் செய்தவர், கவிஞர், இசைப்பாடல் இயற்றியவர். அத்துறைகள் அனைத்தையும் அவர் கற்றிருக்க முடியாது. கற்க வேண்டியதும் இல்லை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுபவர், உருட்டுபவர், சலிப்பவர் எல்லாம் வேறுவேறு ஆட்கள். எனினும் டீமேக்கர் ஒருவர் எல்லாத் தட்டுகளுக்கும் நடந்து இலையை முகர்ந்து பார்க்கிறார். தேநீர் கெட்டால் ‘உருட்டியது நான் அல்ல’ என்று அவர் சொல்லித் தப்ப முடியாது. தொழிற்பிரிவு தீதன்று, இத்தகைய ஒருவர் இல்லாத தொழிற்பிரிவே தீது என்பது என் துணிபு.

‘பல்திறன்’ என்னும் சொல்லை ஐயத்தோடு நோக்குவோரும் உளர். மூவர் வேலையை ஒருவர் தலையிற் சுமத்தி ஒரு சம்பளம் கொடுப்பதற்கு அது நல்ல பெயராகவும் பயன்படுகிறது. தோட்டத்திற் பிறந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பல வேலைகளை அறிந்திருத்தல் வேறு, பல வேலைகளையும் செய்விக்கப்படுதல் வேறு. மொழிபெயர்ப்பாளரை மருந்தடிக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஒரு நாள் மலைக்கு வந்து மருந்தடிப்பவரின் பின்னே நடந்து பார்க்கச் சொல்கிறேன். அந்த நாளுக்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறேன்.

அன்று மாலை ஊர்ப் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து அளவுச்சாடி ஒன்றை இரவல் பெற்று, அந்த மூடி எவ்வளவு கொள்ளும் என்று அளந்தேன். ஓர் ஏக்கருக்கு எத்தனை மெசின் ஆகும் என்பதைப் பெரியப்பா விரல் மடித்துக் கணக்கிட்டுச் சொன்னார். விடை முழு மூடியாக அமையவில்லை. ஒன்றரை மூடிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அதைத் துண்டுப்பிரசுரத்தின் பின்புறத்தில் எப்படி எழுதுவது என்று நெடுநேரம் பென்சிலுடன் உட்கார்ந்திருந்தேன்.