புள்ளின் ஊரில் அரை நாள்

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் வந்து, அரை நாள் திருப்புட்குழியில் இருந்துவிட்டுத் திரும்புவது யாத்திரை ஆகுமா? கால்நடையாக வந்தவர்கள் காலத்தை நினைத்து, இது வெறும் சுற்றுலா என்பார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய இந்தத் திவ்யதேசத்தின் தலபுராணமே, அவசரப் பயணத்தின் நடுவே ஒருவன் நின்றதைத்தான் சொல்கிறது. சீதையைத் தேடிப் போன இராமன், உயிர்நீத்த ஜடாயு என்னும் புள்ளுக்காக நின்று, ஒரு மகன் செய்ய வேண்டிய ஈமக்கடனைச் செய்தான். எவ்வளவு நேரம் நின்றான் என்று யாரும் கேட்பதில்லை. யாருக்காக நின்றான் என்பதே கதை.

அப்படியானால் வீட்டிலிருந்தே நினைத்துக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் சில விஷயங்கள் இடத்தோடு ஒட்டிக்கொண்டே புரிகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது வைணவ மரபு. 'கப்யாஸம்' என்ற உபநிடதச் சொல்லுக்கு, இறைவனின் கண்ணைக் குரங்கின் பின்புறத்தோடு ஒப்பிட்டு ஆசிரியர் பொருள் சொன்னார். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் சுடுகண்ணீர் அவர் தொடையில் விழுந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள். மாணவர் தாமரையைச் சொன்னார். பின்னாளில் அந்த ஆசிரியரே அவருக்குச் சீடரானார்.

இங்கே தரும் வறுத்த பயறு முளைத்தால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்குமா என்றும் கேட்பார்கள். தாவரவியல்படி முளைக்காதுதான். ஆனாலும் மரகதவல்லித் தாயார் சன்னிதிப் பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுக்கும் பெண்ணுக்கு, அந்த இரவு முழுக்க வீடே துணையிருக்கிறது.