ஆதாயம் தேடி வந்தவன்

சுவீடன் நாட்டு எழுத்தாளர் பிரான்ஸ் பெங்ட்சன் 1941-இலும் 1945-இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘நீண்ட கப்பல்கள்’ என்னும் நாவல், பத்தாம் நூற்றாண்டு வைக்கிங் வீரன் ஒருவனின் கதை. ஓர்ம் என்பது அவன் பெயர். கொள்ளையரால் கடத்தப்பட்டு அவர்களோடு கடலேறியவன் மூர்களிடம் சிறைப்பட்டுத் துடுப்போடு பிணைக்கப்படுகிறான். பின்னர் ஸ்பெயினில் அல்மன்சூரின் மெய்க்காவலனாகி, அவர்களது மறையையும் ஏற்கிறான். நாடு திரும்பியதும் அதை உதறிவிடுகிறான். இறுதியில், டென்மார்க் மன்னன் மகள் இல்வாவை மணப்பதற்காக இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெறுகிறான்.

எந்தத் தெய்வம் நற்பேறு தருமோ அதுவே நல்ல தெய்வம் என்பது ஓர்மின் கணக்கு. ஆசிரியர் நகைச்சுவையோடு சொல்ல, நாமும் சிரிக்கிறோம். ஆனால் நூலை மூடியபின் ஒரு கேள்வி நெஞ்சில் தங்குகிறது: ஆதாயம் தேடி வந்தவனின் விசுவாசம் உண்மையான விசுவாசம் ஆகுமா?

ஆகாது என்றே மனம் முதலில் விடையளிக்கும். வாணிகம் வேறு, அன்பு வேறு அன்றோ? ஆயினும் நற்செய்தி கூறும் ஊதாரி மைந்தனை நினைத்துப் பாருங்கள். அவனை வீட்டை நோக்கித் திருப்பியது பசி. தந்தையின் கூலியாட்களுக்குக் கிடைக்கும் உணவை எண்ணியே அவன் எழுந்தான். தந்தையோ காரணம் கேட்கவில்லை. ஓடிச்சென்று கட்டித் தழுவிக்கொண்டார்.

வரலாறும் சான்று தருகிறது. 994-இல் இலண்டனைத் தாக்கிய ஓலாவ் டிரிக்வசன், வெள்ளியைப் பெற்றுக்கொண்டு, ஆங்கில மன்னர் முன்னின்று நடத்த உறுதிபூசுதல் பெற்றான். இனி இந்நாட்டின்மீது படையெடுத்து வரமாட்டேன் என்று வாக்களித்தான், அவ்வாக்கைக் காத்தான். எனினும் நார்வேயின் அரசனானபின், அவன் வாளைக் காட்டி மக்களைத் திருமுழுக்குக்கு இழுத்ததாகப் பழங்கதைகள் கூறுகின்றன. தன்னைப் பொறுமையோடு ஏற்ற இறைவனின் பொறுமையை அவன் பிறருக்குக் காட்டவில்லை.

ஓர்ம் தன் ஊரில் கோவில் கட்டுகிறான்; வில்லிபால்டு என்னும் குருவானவரைத் தன்னோடு வைத்துப் பேணுகிறான். ஆயினும் வாளை முற்றிலும் கீழே வைக்கவில்லை. அவன் மனமாற்றம் பாதி வழியில் நிற்கிறது.

நம் நிலை என்ன? தேர்வு வெற்றிக்கு ஒரு நவநாள், வேலைக்கு ஒரு மெழுகுதிரி என்று நாமும் கணக்கோடுதானே கோவில் படியேறுகிறோம்? அதற்காக இறைவன் நம்மைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. எனவே, பிறர் எதற்காக வந்தார்கள் என்று துருவி ஆராயும் உரிமை நமக்கில்லை. கேட்டது கிடைத்தபின்னும், கிடைக்காதபோதும், நாம் அவரோடு தங்கியிருக்கிறோமா என்பதே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.