வினையென்று சொல்ல உரியவர் யார்?

சீதையின் கதைக்கு முடிவு ஒன்றல்ல. வால்மீகியின் பெயரால் வழங்கும் உத்தரகாண்டத்தில் அவள் மண்ணைப் பிளக்கச் செய்து அதனுள் மறைகிறாள். 8-ஆம் நூற்றாண்டுப் புலவராகிய பவபூதிக்கு அம்முடிவைத் தாங்க மனம் வரவில்லை போலும். தம் உத்தரராமசரிதம் என்னும் நாடகத்தில், இராமன் கண்முன்னே நாடகத்துக்குள் ஒரு நாடகத்தை நடிக்கச் செய்து, அதன் வழியே பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்துவிட்டார். கம்பர் முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டார். 1919-இல் மலையாளக் கவி குமாரன் ஆசான், வனத்தில் தனித்திருக்கும் சீதையின் சிந்தனையையே ஒரு காவியமாக்கினார். 1943-இல் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' என்ற சிறுகதையில், தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே அகலிகை கேட்குமாறு செய்தார். கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிப் போனாள். ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியை இன்னொரு பெண்ணின் உள்ளம் ஏற்க மறுத்ததை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை தமிழில் வேறு உண்டா என்று நாம் வியப்பதுண்டு.

ஆயினும் பவபூதிக்கும் முன்பே, நம் சமண ஆசிரியர்கள் சீதைக்கு வேறொரு முடிவைக் கண்டிருந்தனர். அது நம் இல்லங்களிலேயே பலருக்குத் தெரியாது. காரணம் உண்டு. தமிழ்ச் சமணர் வழிவழியாகப் படித்துவரும் ஸ்ரீபுராணம், குணபத்திரரின் உத்தரபுராண மரபைத் தழுவியது. அம்மரபில் சீதை மண்டோதரி வயிற்றில் பிறந்தவள். அதில் நாடு கடத்தலும் இல்லை, தீப்புகுதலும் இல்லை. இவ்விரண்டையும் விரித்துரைப்பது, விமலசூரியின் பிராகிருத பௌமசரியமும், அவரைப் பின்பற்றி 7-ஆம் நூற்றாண்டில் இரவிசேனர் வடமொழியில் இயற்றிய பத்மபுராணமும் ஆகும்.

இரவிசேனர் சொல்லும் கதை இது. சீதை கருவுற்றிருக்கிறாள். சினாலயங்களை வணங்கி வரவேண்டும் என்பது அவளுடைய மசக்கை விருப்பம். ஊரார் வாய்க்கு அஞ்சிய இராமன், அந்த விருப்பத்தையே சாக்காகக் கொண்டு, தலயாத்திரை என்று சொல்லித் தேரேற்றிக் காட்டில் விட்டுவரப் படைத்தலைவனை அனுப்புகிறான். பக்தியைக் கருவியாக்கிய இந்த வஞ்சனையைப் புலவர் மறைக்கவில்லை. உண்மை தெரிந்தபின் சீதை கணவனுக்குச் சொல்லியனுப்பும் செய்தி நம் நெஞ்சைவிட்டு அகலாதது. ஊர்ப்பேச்சுக்காக என்னைக் கைவிட்டதுபோல, ஊர்ப்பேச்சுக்காக அறத்தையும் கைவிட்டுவிட வேண்டாம் என்பதே அதன் சாரம். இதில் சாபமில்லை. ஆனால் இதைவிடக் கூரிய குற்றச்சாட்டை எந்த நீதிமன்றத்திலும் எவரும் எழுப்பியதில்லை.

வச்சிரசங்கன் என்னும் அரசன் அவளை உடன்பிறந்தாளாக ஏற்றுக் காக்கிறான். இரட்டை மைந்தர் பிறந்து வளர்ந்து, தந்தையோடே போர் புரிந்து, பின் உறவறிகின்றனர். அதன் பிறகும் தீச்சோதனை! எரிகுழி நீர்த்தடாகமாகிறது, பெருகிய நீர் கூட்டத்தை மூழ்கடிக்க வருகிறது, பழி பேசிய அதே மக்கள், எங்களைக் காப்பாற்று தாயே என்று அவளை நோக்கிக் கதறுகின்றனர். இராமன் மன்னிப்புக் கேட்டு அரண்மனைக்கு அழைக்கிறான். அவள் சொல்வது: உம்மீது கோபமில்லை, மக்கள்மீதும் இல்லை, இது என் முன்வினையின் பயன். சொன்ன கையோடு தன் கூந்தலைத் தானே பறித்து அவன்முன் இடுகிறாள். அதைக் கண்டு இராமன் மூர்ச்சையாகிறான். அவன் தெளிந்து எழுமுன் அவள் பிருதிவிமதி என்னும் ஆரியாங்கனையிடம் துறவு ஏற்றுவிடுகிறாள்.

இங்கேதான் நமக்கு ஒரு வினா எழுகிறது. 'என் வினை' என்று அவள் சொன்னால், இராமன் செய்தது குற்றமில்லை என்று ஆகிவிடுமா?

இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. புகுந்த வீட்டில் துன்புற்றுத் தாய்வீடு திரும்பிய பெண்ணைப் பார்த்து, 'அவள் கொண்டுவந்த வினை, யார் என்ன செய்ய முடியும்?' என்று திண்ணையில் அமர்ந்து சொல்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருக்கிறோம். சொல்லும்போது சித்தாந்தத்தைப் பேசுவதாகவே எண்ணிக்கொள்கிறோம். நம் சமயத்தின் ஆழ்ந்த உண்மை ஒன்று, பாத்திரம் கழுவும் நீரைப்போல எவ்வளவு எளிதாகக் கொட்டப்படுகிறது!

சித்தாந்தம் சொல்வது வேறு. வினைக்கட்டுக்குக் காரணங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 8-ஆம் அத்தியாயம் கூறும்: பொய்க்காட்சி, விரதமின்மை, மறதி, கஷாயம், யோகம் என்பன அவை. ஐந்தும் செய்கின்றவனிடத்திலேயே இருப்பவை. துன்புறுகின்றவளின் பழவினை இந்த ஐந்தில் ஒன்றாக எண்ணப்படவில்லை. அவளுடைய பழவினை உதயமாகும்போது அதற்குப் புறத்தே நிமித்தமாக நிற்பவன், தன் அச்சத்தாலும் வஞ்சனையாலும் தனக்கெனப் புதுவினையைக் கட்டிக்கொள்கிறான். அவளுடைய கணக்கில் வரவு வைத்து அவன் தன் கடனைத் தீர்த்துக்கொள்ள இயலாது. ஆகவே 'என் வினை' என்னும் சொல்லைச் சொல்ல உரிமையுடையவர், துன்பத்தை ஏற்றவர் ஒருவரே. இழைத்தவன் வாயில் அது சாக்குப்போக்கு. பார்த்திருந்தவர் வாயில், அதைவிடவும் கீழானது.

சிலம்பை இந்நோக்கில் மீண்டும் படிக்க வேண்டும். கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறவிக் காரணம் உண்டு. சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த பரதனே கோவலனாகப் பிறந்தான் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. ஆனால் இளங்கோவடிகள் அதை எப்போது சொல்ல வைத்தார் என்பதைக் கவனியுங்கள். பாண்டியன் தன்னையே கள்வன் என்று ஒப்பி, அரியணையில் வீழ்ந்து உயிர்விட்ட பிறகே அச்செய்தி வருகிறது. ஊழைச் சொல்லித் தப்பிக்க அரசனுக்கு ஒரு கணமும் தரப்படவில்லை.

சீதை சொன்னதன் பொருள்தான் என்ன? அன்பர் சிலர், அவள் கணவனைக் காப்பாற்றவே அவ்வாறு பேசினாள் என்பர். நமக்கு அது சரியாகப் படவில்லை. காப்பாற்ற எண்ணியிருந்தால் அவனுடன் அரண்மனைக்குப் போயிருப்பாள், ஊரும் மகிழ்ந்திருக்கும். அவள் பகையை விட்டாள், மனையையும் விட்டாள். மன்னித்தவள் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் கைகூப்பி மன்னிப்புக் கேட்கும்போதுகூட, எதிரில் இருப்பவர் பழையபடி நம் வீட்டு வாசலேற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு உள்ளூர இருக்கிறது. பொறுத்தலும் திரும்புதலும் வேறு வேறு என்பதை அந்தப் பறித்த கூந்தல் இராமனுக்குக் காட்டியது. அதனால்தான் அவன் மூர்ச்சையானான் என்று நாம் கருதுகிறோம்.

இரவிசேனர் அவளைக் குறையற்றவளாகத் தீட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தவத்தின் பயனாக அவள் 16-ஆம் சுவர்க்கமாகிய அச்சுதத்தில் பிரதீந்திரனாகப் பிறக்கிறாள். அங்கிருந்து, இராமமுனிவர் தியானத்தில் ஆழ்ந்திருப்பதைக் காண்கிறாள். அவர் வீடுபேறு எய்திவிட்டால் இனி எந்தப் பிறவியிலும் சேர இயலாதே என்ற பழைய அன்பு மேலெழ, சீதையின் உருவிலேயே வந்து அவர் தியானத்தைக் கலைக்க முயல்கிறாள். அவர் அசையவில்லை, கேவலஞானம் எய்துகிறார். கூந்தலைப் பறித்தவளுக்கும் வேர் முற்ற அறவில்லை. இந்த ஓர் இடத்துக்காகவே அப்புலவரிடம் நமக்கு மதிப்புக் கூடுகிறது.

அதன்பின் அவ்வுயிர் செல்லும் இடம் நரகம். அங்கே இலக்குவனும் இராவணனும் இன்னும் பகைகொண்டு ஒருவரையொருவர் வதைத்துக்கொண்டிருக்கின்றனர். தன்னைக் கவர்ந்து சென்றவனையும், அவனைக் கொன்றவனையும் ஒருசேர மேலே தூக்கிச் செல்ல அவள் முயல்கிறாள். அவர்கள் உடல் உருகிக் கையினின்றும் நழுவுகிறது. தத்தம் வினையைத் தாமே துய்த்தாக வேண்டும் என்கின்றனர். இராவணன் வாயில் அச்சொல் வரும் இடம் அதுவே. 'உன் வினை' என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. அருகில் அமர்ந்து நற்காட்சியை எடுத்துரைக்கிறாள், இருவரும் கேட்கின்றனர்.