தாங்குதல்

தமிழில் தாங்குதல் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தூண் கூரையைத் தாங்குகிறது. மனிதன் துக்கத்தைத் தாங்குகிறான். முன்னது பௌதிகம், பின்னது ஒழுக்கம் என்று பிரித்துவிடுவது சுலபம். அப்படிப் பிரிக்க இடம் தராத பொருள் ஒன்று டீசல் எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை மவுண்டிங் ரப்பர் என்கிறார்கள். இரண்டு இரும்புத் தகடுகள், நடுவே உருக்கி ஒட்டிய ரப்பர், மேலே உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போல்ட்டும் நட்டுகளும். சிவகாசி அச்சகங்களின் பின்கட்டில், மின்வெட்டுக் காலத்து ஜெனரேட்டர்களுக்குக் கீழே இதைப் பார்க்கலாம்.

ஆனால் நான் யோசிக்க எடுத்துக்கொள்வது பாய்மரப் படகின் எஞ்சினை. கடல் இல்லாத விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். பாய் இருக்க எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்கள் தூத்துக்குடித் தோணிகளை நினைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஏறிய பிறகும் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் கணக்கில் அவை பாய்க்கப்பல்களாகவே இருந்தன. ஜெனரேட்டர் நின்ற இடத்தில் அதிர்கிறது, அவ்வளவுதான். படகோ போயாக வேண்டும். சிறிய படகுகள் பலவற்றில் புரொபெல்லர் தண்ணீரைத் தள்ளும்போது எழும் எதிர்விசை தண்டு வழியாக கியர்பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து இந்த நான்கு ரப்பர்கள் வழியாகத்தான் படகின் உடலுக்குப் போகிறது. அதாவது எஞ்சினின் நடுக்கத்தைப் படகுக்குத் தெரியாமல் விழுங்க வேண்டிய அதே பொருள், எஞ்சினின் பலத்தை மட்டும் படகுக்குக் கொடுத்துவிட வேண்டும். இப்படி முரண்பட்ட இரண்டு உத்தரவுகளை மௌனமாக நிறைவேற்றுவதைத்தான் நாம் மனிதர்களிடத்தில் பக்குவம் என்று பாராட்டுகிறோம்.

ரப்பர் தேய்வது அதன் குறையல்ல. வளைந்து கொடுப்பதற்காக வைக்கப்பட்டது, வளைந்து வளைந்தே தீர்கிறது. மேலே கசியும் டீசலும் எண்ணெயும் அதை ஊதவைத்து இளக்கிவிடுகின்றன. ஆனால் அதன் வீழ்ச்சி முதலில் அதனிடத்தில் தெரிவதில்லை என்பதுதான் விசேஷம். ரப்பர் அமுங்கினால் எஞ்சின் ஒரு பக்கம் சாய்கிறது. தண்டு கோணலாகச் சுழல்கிறது. தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது. கண்ணுக்குத் தெரிவது தண்ணீர். எனவே அங்கே நட்டை இறுக்குகிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. நான்கையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் விறைப்பான அந்தப் புதியதன் மேலேயே பாரம் போய் உட்கார்ந்துவிடும். பழையதன் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, எஞ்சினைச் செயின் பிளாக்கில் லேசாகத் தூக்கி, புதியதை வைத்து, பாரம் ஏற்றி அமுங்கவிடுகிறார்கள். பிறகு தண்டும் கியர்பாக்ஸும் சேரும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை நுழைத்து நாலாபுறமும் பார்க்கிறார்கள். தகட்டின் விட்டம் 4 அங்குலமானால், ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுக் கணக்கு. இந்த அளவு சரியில்லை என்றால் புதிய ரப்பரும் சாகும்.

வள்ளுவர் பொறுமைக்கு நிலத்தை உவமை சொன்னார், தன்னைத் தோண்டுகிறவர்களையும் அது தாங்குகிறது என்று. எனக்கு அந்த உவமையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. தோண்டுவதால் நிலம் தீர்ந்துபோவதில்லை. தீர்ந்துபோகிற ஒன்றின் பொறுமைக்கு நிலத்தின் பெருமையைக் கொடுப்பது நியாயமா? இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் ஃபோர்மேன் என்கிற மனிதரைக் கவனிக்க வேண்டும். மேலே தீபாவளி ஆர்டரின் அவசரம். கீழே எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களின் கை வேகம். இரண்டுக்கும் நடுவே அவர். மேலிருந்து வரும் ஏச்சில் பாதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்; கீழிருந்து வரும் பயத்திலும் பாதியை மேலே சொல்லுவதில்லை. வெடித்த மறுநாள் பத்திரிகையில், வழக்குப் பதியப்பட்டவர்களின் வரிசையில் பெரும்பாலும் அவரும் இருக்கிறார். அடுத்த பருவத்துக்கு வேறொரு ஃபோர்மேன்.

அவர் செய்தது நல்லதா கெட்டதா? ஏச்சை விழுங்கியதால் கீழே உள்ளவர்களைக் காப்பாற்றினார். பயத்தை விழுங்கியதால் மேலே உள்ளவருக்கு எஞ்சின் தடுமாறுவது கேட்காமல் செய்தார். இரண்டும் ஒரே குணத்தின் வேலை. ஆகவே அந்தக் குணத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அது புண்ணியம் என்றோ பாவம் என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ரப்பரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தண்டின் கோணல் தெரியாது. (வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைச் சொல்ல அதிகாரம் உண்டோ இல்லையோ, அனுபவம் உண்டு.) ரப்பருக்கும் ஃபோர்மேனுக்கும் உள்ள வித்தியாசம், அவருக்கு வாய் இருக்கிறது என்பது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்காகவே அவர் நல்லவர் என்று பெயர் வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்த ஃபீலர் கேஜ் அளவைப் படகு கரையில் இருக்கும்போது கடைசியாக எடுக்கக்கூடாது. கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகுக்கு ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும் படகுக்கு வேறொரு வடிவம். தண்ணீரில் இறக்கி, அது தன் வடிவத்துக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும். பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி உண்டு. சோதனைக்கு அதிகாரி வருகிற நாளில் அங்கே அத்தனை பேர்தான் இருப்பார்கள். முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனது 2012 செப்டம்பர் 5ஆம் தேதி, தீபாவளி வேலை மும்முரமாக இருந்த சமயம்.