வளர்ப்பு உயிரும் மருத்துவ மாணவரும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் கொல்லாமையே முதலாவது என்பதை நாம் நம் சிறார்க்கு இளமையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். எறும்பை மிதியாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், பொழுது சாய்ந்தபின் உண்ணாமை ஆகியவற்றை அவர்கள் அறிவர். ஆனால், ஓர் உயிரை நாமே விரும்பிக் கொண்டுவந்து நம் அறையில் வைத்துக்கொள்வது அவ்விரதத்தோடு எங்ஙனம் பொருந்தும் என்று அவர்களோடு அமர்ந்து ஆராய்வது அரிது. மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் இதனை ஆராய்ந்தே ஆக வேண்டும் என்பது நம் கருத்து.

பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றது. 2020இல் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தகைய ஊர்களில் நாயை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. அது ஒரு வீட்டுத் திண்ணையில் படுக்கும். இன்னொரு வீட்டு வாசலில் சோறு உண்ணும். களத்துமேட்டுக்குத் தானே போய்வரும். ஒருவர் வெளியூர் சென்றாலும் அதன் உணவு நின்றுவிடாது. அவ்வூர்ப் பிள்ளை மருத்துவம் பயிலப் புறப்படுகிறான் என்க. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் 2011 முதலும், அரியலூரில் 2022 சனவரி முதலும் மருத்துவக் கல்லூரிகள் இருப்பினும், இடம் கிடைத்த ஊருக்கே போக வேண்டும். அங்கே வாடகை அறையொன்றில் தனியே தங்கி, தனிமைக்குத் துணையாக ஒரு நாய்க்குட்டியை வாங்கி வைத்துக்கொள்கிறான். திண்ணை நாய்க்குத் தெருவே துணை. இந்தக் குட்டிக்கோ சோறும் நீரும் வெளிச்சமும் ஒரே ஒருவனுடைய கையில் உள்ளன.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் மூண்டபோது அங்கே மருத்துவம் பயின்ற நம் நாட்டு மாணவர்கள் பல்லாயிரவர் தவித்ததை நாம் அறிவோம். அவர்களுள் மயிலாடுதுறைப் பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருவர், தாம் வளர்த்த சிறு நாயை விட்டுவர மறுத்துப் பயணத்தைத் தள்ளிவைத்து, பின்னர் அதனுடனேயே மார்ச்சு மாதத்தில் சென்னை வந்து சேர்ந்தார். கேரளத்தின் இடுக்கியைச் சேர்ந்த மற்றொரு மாணவி, தம் நாயை எல்லை வரையில் நடத்தியும் தூக்கியும் கொண்டு சென்றார். இத்தகையோர் பொருட்டு, வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் உடன் கொண்டுவருவதற்கான விதிகளை நடுவணரசு அந்த ஒருமுறைக்கு மட்டும் தளர்த்திக் கொடுத்தது.

மனிதரே வெளியேற முடியாதபோது நாய்க்கு இடமா என்று அந்நாளில் சிலர் ஏளனம் செய்தனர். அவ்வேளனத்தை நாம் ஏற்கவில்லை. பூட்டிய அறையில் ஓர் உயிரை விட்டுப் புறப்படுவது, அதன் உணவையும் நீரையும் தடுப்பதேயாகும். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்துக்குரிய அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு கடந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை கொலை அல்ல. எனினும், கொல்லாத கையும் இவற்றால் மாசுறும் என்பதே அவ்வாசிரியர் கருத்து. ஆடுமாடு வளர்த்த இல்லறத்தாரை மனத்தில் கொண்டே இவை சொல்லப்பட்டிருக்க வேண்டும். இன்று அவை மாடியறை நாய்க்கும் அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது. (அழகுக்காக நாயின் வாலையும் காதையும் நறுக்கும் வழக்கம் மூன்றாவதில் அடங்கும் என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்ப்பார்களாக.)

ஆகவே, ஏற்றுக்கொண்ட உயிரைக் கைவிடாமை கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த மாணவியர் செய்தது நேர்மையே. ஆனால் அதிலிருந்து, மருத்துவ மாணவர் ஒருவர் புதிதாக ஓர் உயிரை ஏற்றுக்கொள்ளலாம் என்பது பெறப்படாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு கட்டாய மருத்துவமனைப் பயிற்சி. நாயின் ஆயுளோ பொதுவாகப் பத்து முதல் பதின்மூன்று ஆண்டு. பதினெட்டு வயதில் குட்டியைத் தூக்கி வருபவர் பயிற்சி முடித்து, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றாண்டு மேற்படிப்புக்கு வேறோர் ஊருக்குப் போகும்போதும் அந்நாய் உயிரோடு இருக்கும். அப்போது தாம் எவ்வூரில், எவ்விடுதியில் இருப்போம் என்று அவருக்கே தெரியாது. பயிற்சி ஆண்டில் சில துறைகளில் பணி இரவும் பகலுமாக நீளும். பிரசவ வார்டில் ஒரு தாய் வலியில் இருக்கையில், "என் நாய்க்குச் சோறு வைக்க வேண்டும்" என்று எழுந்து போக முடியுமா? போகக் கூடாது என்றே நாமும் சொல்வோம். அப்படியானால் அந்த நாளில் பட்டினி கிடப்பது யார்? நோயாளிக்குத் தம் நேரம் முழுவதையும் ஒப்புக்கொடுத்த ஒருவர், அதே நேரத்தை இன்னோர் உயிருக்கும் வாக்களிக்கிறார். கயிறு கட்டாவிடினும், பதினான்கு மணி நேரம் தாழிட்ட அறை கட்டுதலே.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மருத்துவ மாணவரின் மனச்சுமை கற்பனையன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கருத்துரைத்த இளநிலை மாணவருள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறைபாடு உண்டெனத் தாமே தெரிவித்திருந்தனர். நள்ளிரவில் அறைக்குத் திரும்பும் பிள்ளையை வாலாட்டி வரவேற்க ஓர் உயிர் இருப்பது பெரிய ஆறுதல்தான். அந்த ஆறுதலை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நம் துயரைத் தணிக்க மற்றோர் உயிரைக் கொண்டுவரும்போது அது நமக்கு மருந்தாகிறது. மருந்து என்பது உடைமை. உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளும் பரிக்கிரக பரிமாண விரதம் நிலம், பொன், தானியம் ஆகியவற்றோடு கால்நடையையும் கணக்கில் கொள்வது இதனால்தான் போலும். பிள்ளையின் துயருக்குத் துணையாக வேண்டியவர் முதலில் நாமே. வாரம் ஒருமுறை நலம் விசாரிக்கும் தொலைபேசியிலும் மதிப்பெண்ணையே கேட்கும் பெற்றோர் நம்மிடையே உளர்.

சீவகனை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். உணவைத் தீண்டிய குற்றத்துக்காக அடிபட்டு இறக்கும் நாயொன்றின் செவியில் அவன் ஐம்பத மந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து பின்னர் அவனுக்கு உதவியது. இக்கதையைச் சொல்லி, நாய் வளர்ப்பது நம் மரபே என்று வாதிடுவோரை நாம் கேட்டதுண்டு. ஆனால் அந்த நாய் சீவகனுடையதன்று. அதனிடம் அவன் துணையையோ காவலையோ வேண்டவில்லை. துன்புறும் இடத்தில் கண்டான். அதற்கு வேண்டியதைச் செய்தான். பின்னர் வந்த உதவியை அவன் எதிர்பார்த்தும் இருக்கவில்லை. மருத்துவம் பயில்வோர்க்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி நம் காப்பியங்களில் உண்டோ என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் தவளை அறுக்கும் வகுப்புக்கு அஞ்சியே நம்மவர் சிலர் மருத்துவப் படிப்பைத் தயங்கினர். 2014இல் இளநிலைப் பாடத்தின் விலங்குச் சோதனைகளுக்கு மாற்றாகக் கணினிவழிப் பயிற்சி வந்தபின் அந்த அச்சமும் தணிந்தது.

பூனையைப் பற்றி ஒரு சொல். டாரின் என்னும் சத்து பூனைக்கு உணவிலிருந்தே வர வேண்டும். இயற்கையில் அது ஊனுணவில்தான் போதிய அளவில் உண்டு. அது குன்றினால் கண்ணும் இதயமும் கெடும். பால்சோறு மட்டும் இட்டால் பூனை நலிகிறது. ஊன் வாங்கினால் நம் விரதம் நலிகிறது. இது மாணவர்க்கு மட்டுமன்றி நம் இல்லங்கள் அனைத்துக்கும் உரியது.

ஏற்கெனவே ஓர் உயிரை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது வேறு. அதை விற்கவோ தெருவில் விடவோ வேண்டா. அறையில் வளர்ந்த நாய் தெருவில் பிழைக்காது. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது இடுவித்து, பயிற்சி ஆண்டு தொடங்குமுன் அதை ஊர் வீட்டுக்குக் கொண்டுவருதல் நன்று. வீட்டார் அதனை மனமுவந்து ஏற்க வேண்டும். பெயர்த்தி விடுமுறைக்கு வரும் வரையில் அதற்குச் சோறிட ஒரு பாட்டி திண்ணையில் இருப்பாரானால் அந்நாய்க்குக் குறையில்லை.

நீட் தேர்வில் வென்ற பிள்ளைக்குப் பரிசாக நாய்க்குட்டி வாங்கித் தரும் பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை விடுதிக்குப் புறப்பட்ட மறுநாள் காலையில் அதற்குச் சோறிடப் போவது யார் என்பதை, குட்டியை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்தீர்களா?