ஐந்தாம் பங்கு

கல்விக்காகக் கையேந்துவது இழிவன்று என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். எவரிடம் ஏந்துவது, எந்தக் காலத்தில் ஏந்துவது, எந்தப் பணத்தை வாங்கலாகாது என்பனவற்றை அங்கே எவரும் சொல்லித்தரவில்லை. நொய்யற்கரைப் பங்குகளில் பணியாற்றிய ஆண்டுகளில், பலமுறை தவறியே அவற்றைக் கற்றுக்கொண்டோம்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் வங்கி வீழ்ந்தபோது, அந்த அதிர்ச்சி திருப்பூரின் சந்துகளை வந்தடைய நெடுநாள் ஆகவில்லை. அயல்நாட்டுக் கடைகள் ஆர்டர்களைக் குறைத்தன. அந்தக் காயம் ஆறுமுன், 2011 சனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர்நீதிமன்றம் இட்ட ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்திய சுங்கவரி என்று கொங்கு நாட்டுத் தொழிலுக்கு அடிமேல் அடி. இவற்றில் நாம் கண்ட ஒவ்வொன்றிலும் நம் பள்ளியின் நன்கொடை ஏடும் மெலிந்தது.

அத்தகைய ஓர் ஆண்டில் நாம் செய்த செயலொன்று இன்றும் உறுத்துகிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தோம். பனியன் கம்பெனி நடத்தியவர் ஒருவர், முன்பு நம் வகுப்பறைகளுக்குச் சிமெண்டும் கம்பியும் தந்தவர், அவ்வாண்டில் எந்திரங்களை விற்றுக் கடனடைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சங்கடப்படுத்த வேண்டா என்னும் நல்லெண்ணத்தோடு அவர் பெயர்மேல் கோடிழுத்தோம். விழா முடிந்த ஞாயிறன்று, பூசைக்குப்பின் கோயில் வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க சாமி, பணந்தானுங்களே போச்சு, எங்க ஊட்டு வாசப்படியுமா போயிருச்சு?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. நமக்கு மறுமொழி வரவில்லை.

நல்லெண்ணம் என்றோமே, அது பாதி உண்மைதான். இவர் இனித் தரமாட்டார் என்னும் கணக்கும் அந்தக் கோட்டுக்குள் இருந்தது. நொடித்துப்போனவரிடம் கேட்பது இரக்கமின்மை என்று உலகம் எண்ணும். கேளாமல் விடுவது இரக்கமாகிவிடுமா? அவர் பணத்துக்காக மட்டுமே அவரை அறிந்திருந்தோம் என்பதற்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடக் கோவையைவிட்டு வெளியே செல்ல வேண்டுவதில்லை. பீளமேட்டில் பூ.சா.கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் 1926இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, அதை ஐந்து பங்காக்கினர். நான்கு நால்வருக்கு; ஐந்தாவது அறத்துக்கு. அறத்தையும் உடன்பிறந்தானாக எண்ணிப் பாகம் வைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1929இல், உலகப் பெருமந்தம் தொடங்கியது. பருத்தி முதலிய விளைபொருள்களின் விலை சரிந்தது. அந்த அறநிலையமோ நிலைத்தது. 1947இல் கலைக்கல்லூரியையும் 1951இல் தொழில்நுட்பக் கல்லூரியையும் கண்டது. மந்தத்தின் நடுவிலேயே, 1930இல், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை மிக எளிய முறையில் தொடங்கினார். 1934இல் காந்தியடிகள் பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டினார். கையில் மிஞ்சட்டும், பிறகு பார்க்கலாம் என்று இவர்கள் காத்திருந்தால், அந்தப் பத்தாண்டில் எதுவும் தொடங்கியிராது.

செல்வர்களின் கதையாயிற்றே என்று வாசகர் எண்ணலாம். விருதுநகரை நோக்குவோம். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசியால் வளர்ந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி தனியே எடுத்துவைக்கப்பட்டது. சோறு மிஞ்சினால் தருவோம் என்பதன்று அந்த ஏற்பாடு. அரிசி குறைந்த நாளில் பிடி சிறுத்திருக்கலாம். ஆயினும் பிடி என்று ஒன்று இருந்தது.

மிச்சத்திலிருந்து தரும் கொடை, மிச்சம் மறையும் நாளில் தானும் மறைகிறது. பங்காக எண்ணிவைத்த கொடை சுருங்கும், மறைவதில்லை. (நம் மக்களிடையே 'பங்கு' என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் குடும்பம். வெளியே சொன்னால் பங்குச்சந்தையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைக்கிறார்கள். நாமும் சிலவேளை அப்படியே நடந்துகொள்கிறோம்.)

இன்று பள்ளிகள் பெரிதும் நாடுவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, 2014 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை இத்தகைய பணிகளுக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டந்தான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது லாபத்தில் வைத்த பங்கு. மூன்றாண்டுச் சராசரி என்பதால் மந்தத்தின் அடி சற்றுத் தாமதமாக விழும், அவ்வளவே வேறுபாடு. திருப்பூரின் சிறு கம்பெனிகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வருவதுமில்லை. அயல்நாட்டு உதவியை நம்பியிருந்தவர்களுக்கோ 2020ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழியைக் குறுக்கிவிட்டது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றொன்றுக்குப் பகிர்ந்தளிக்க இனி இயலாது.

எனவே இருக்கும் சில கொடையாளர்களைப் பற்றிக்கொள்ளும் போட்டி மிகுந்துவிட்டது. ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைத்தது பழைய கதை. இப்போது நன்றி அட்டையைக் கையில் கொடுத்து, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை வெயிலில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கிறோம். கற்க வந்த குழந்தையை ஏன் கடன்பட்டவனைப்போல் நிறுத்துகிறோம்? இன்னொரு குறுக்குவழி இதனினும் கொடிது. வெளியே வற்றிய பணத்தைப் பெற்றோரிடமே பிழிந்தெடுப்பது. 'நன்கொடை' என்ற அழகிய சொல்லிருக்க, 'டொனேஷன்' என்றால் நம் மக்கள் சேர்க்கைக்கு வாங்கும் பணத்தையே நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. ஆயினும் அந்தச் சொல்லுக்கு அப்பொருள் ஒட்டியதற்குத் திருச்சபையின் பள்ளிகளும் பொறுப்பில்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

பவுலடியாரும் நிதி திரட்டியவரே. எருசலேமின் ஏழைகளுக்காக ஊர் ஊராகக் கேட்டார். கொரிந்தியருக்கு அவர் எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை, கல்வி நிறுவனத்தார் ஆண்டுக்கொருமுறை படிக்கலாம். மாசிதோனியாவின் சபைகள் கொடிய வறுமையில் இருந்தவை. இந்தப் பணியில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அவர்களே அவரிடம் மன்றாடினர். திருத்தூதர் அவர்கள் பெயர்மேல் கோடிழுக்கவில்லை. அதே அதிகாரத்தில், பணத்தை எடுத்துச்செல்ல நம்பத்தக்க துணைவர்களை அனுப்புவதையும், கடவுள் முன் மட்டுமன்றி மனிதர் முன்னும் பழிக்கு இடமின்றி நடப்பதில் தமக்குள்ள அக்கறையையும் சொல்கிறார். கணக்குக் காட்டாத பள்ளி, நொடித்தவரிடம் மட்டுமன்று, செழித்தவரிடமும் கேட்கும் தகுதியை இழக்கிறது.

ஆயினும் எல்லாக் கொடையையும் ஏற்கலாகாது. தம்முடைய, தம் குடும்பத்தாருடைய இன்றியமையாத் தேவைக்குரியதை எடுத்துப் பிச்சையிட ஒருவர் கடமைப்பட்டவரல்லர் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். பிறருக்குரியதை எடுத்துக் கொடுப்பது அறமாகாது என்பதும் அவர் போதனையே. இதை எழுத நமக்குச் சற்றுத் தயக்கமுண்டு. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மந்தகாலத்தில் தீபாவளி போனசை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குக் காசோலை அனுப்புபவர் தம் பங்கைத் தரவில்லை. தம் தொழிலாளியின் பங்கைத் தருகிறார். கொங்கு நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், படிப்பை விட்டு வந்த இளம்பெண்களின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஒப்பந்தக்காலம் முடிந்தபின் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன முறை இருந்ததை நாமெல்லாரும் அறிவோம். ஒரு பெண்ணின் படிப்பு நின்ற இடத்திலிருந்து வரும் பணத்தைக்கொண்டு இன்னொரு பெண்ணுக்கு வகுப்பறை கட்டலாமா? கட்டிடக் குழுவில் இதை நாம் எழுப்பியபோது, "இப்படிப் பார்த்தா ஒரு செங்கல்லும் வராதுங்க சாமி" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கூலியைத் தீர்த்தவரா என்று விசாரித்து வாங்குவோம் என்றோம். விசாரித்தோம்; அவ்வாண்டு கழிப்பறைச் சுவர் பாதியிலேயே நின்றது. மாணவிகள் இன்னும் ஓராண்டு பழையதையே பயன்படுத்த நேர்ந்தது. நாம் செய்தது சரியா என்று அப்போது உறுதியாகத் தெரியவில்லை. இப்போதும் அந்தச் சிறுமிகளை நினைத்தால் மனம் தடுமாறுகிறது.

மறு ஆண்டுமுதல் நம் பள்ளியில் கொடையாளர் பட்டியலை அகர வரிசையில் வெளியிட்டோம், தொகையைக் குறிப்பிடவில்லை. வரவுசெலவுக் கணக்கைக் கோயில் கதவருகே ஒட்டினோம். பெருந்தொகை தருவதாக இருந்த ஒருவர் இதனால் விலகிக்கொண்டார். கோடிழுக்கப்பட்ட அந்தப் பெயரையும் திரும்பச் சேர்த்து, நாமே அழைப்பிதழுடன் அவர் வீட்டுக்குச் சென்றோம். பணத்தைப் பற்றி நாம் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாளுக்குமுன், ஸ்பானருடன் வந்து, ஓடாமல் கிடந்த கிணற்று மோட்டாரைக் கழற்றிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாலையில் தண்ணீர் வந்தது. எல்லாருக்கும்போல் அவருக்கும் ரசீது தரச் சொன்னோம். தொகைக்கு நேரே என்ன எழுதுவது என்று எழுத்தர் நம்மைப் பார்த்தார். பிறகு தாமே, 'மோட்டார் பார்த்த வகையில்' என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினார்.