முயலுக்குத் துணை யார்?

ஆம்பூரில் நாம் அறிந்த ஒரு வீடு. தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணிபுரிபவர். தாய் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்ப்பவர். அவர்களுக்கு ஒரே மகன். பள்ளி விட்டு வந்தால் பேசுவதற்கு ஆளில்லையே என்று ஒரு வெள்ளை முயலை வாங்கிக் கொடுத்தார்கள். ஒருநாள் மாலை அந்தச் சிறுவன் கேட்டான்: "அத்தா, எனக்குத் துணையாக இது வந்தது. இதற்குத் துணை யார்?"

கூடியிருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் லாரி லாரியாக வந்திறங்கும் ஊர். பிரியாணிக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு முயலின் தனிமைக்காகக் கவலைப்படுவதா?

அந்தச் சிரிப்பு நியாயந்தானா? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நபித்தோழர் அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தை நினைவுகூர்வோம். மக்காவுக்கு அருகில் மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் அனஸ் (ரலி) துரத்திப் பிடித்து வந்த முயலை அபூ தல்ஹா அறுத்தார்கள். அதன் தொடைக்கறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பப்பட்டது, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அதே அபூ தல்ஹாவின் இளம் மகன்தான் அபூ உமைர். அவர் வைத்து விளையாடிய சின்னஞ்சிறு குருவி இறந்தபோது, வாடிய முகத்தோடிருந்த அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்தவர்களும் அண்ணலாரே. ஒரே இல்லம், உணவாக வந்த முயலும் அங்குண்டு, துக்கம் விசாரிக்கப்பட்ட குருவியும் அங்குண்டு. உண்ண அனுமதி உண்டு என்பதனால் வாட்டவும் அனுமதி உண்டென்று ஆகிவிடாது. தோலால் வாழும் ஊருக்கு இப்பாடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே தேவை.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவள் குற்றம் யாது? தானும் உணவளிக்கவில்லை, அது தானே தேடிக்கொள்ளவும் விடவில்லை. இதிலிருந்து நாம் ஒரு நெறியைப் பெறலாம்: ஓர் உயிர் தானே தேடிக்கொள்ளக்கூடிய எதை நாம் தடுத்துவிட்டோமோ, அதை நாமே அளிக்கக் கடமைப்பட்டுள்ளோம். உணவுக்குப் பொருந்துவது உறவுக்குப் பொருந்தாதா?

பொருந்துமா என்பது அந்த உயிரின் இயல்பைப் பொறுத்தது. நம் நாட்டுப் புதர்களில் திரியும் காட்டு முயல் பெரும்பாலும் தனித்தே வாழ்வது. அதற்குத் தனிமை தண்டனையன்று. வீட்டில் வளர்க்கும் முயலோ வேறு இனம். அதன் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு நிலங்களில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்வதும், ஆபத்து வந்தால் பின்னங்காலைத் தரையில் தட்டி மற்றவற்றை எச்சரிப்பதும் அவற்றின் வழக்கம். முயல் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் இந்த வேற்றுமை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 2008ல் சுவிட்சர்லாந்தில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், தனியே அடைக்கப்பட்ட முயலும் தன்னினத்தின் ஓசையையும் வாடையையும் உணரும்படி இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. ஆக, சிறுவனின் கேள்வி சிரிப்புக்குரியதன்று.

அப்படியானால் உடனே சந்தைக்குச் சென்று இன்னொன்றை வாங்கி வந்துவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

வரப்போவதும் ஓர் உயிரே. முதல் முயலின் ஏக்கத்துக்கு மருந்தாக அதை வாங்குகிறோம். அதன் நலனை நாடுபவர் யார்? ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஏறத்தாழ 31 நாட்களில் குட்டிகள் வரும். ஈன்ற சில நாட்களுக்குள்ளேயே தாய் மீண்டும் சினையாகக் கூடும். அத்தனையும் எங்கே போகும்? இரண்டும் ஆணாயின் குருதி வழியச் சண்டையிடுவதுண்டு. கருத்தடை அறுவை செய்த ஆணும் பெண்ணுமே பெரும்பாலும் இணங்கி வாழும். அந்த அறுவை எல்லா ஊர்க் கால்நடை மருத்துவமனையிலும் நடப்பதன்று. அதன் பின்னரும் இரண்டையும் முதல்நாளே ஒரே கூண்டில் தள்ளலாகாது. இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், நாள்தோறும் சிறிது நேரமாகப் பழக்க வேண்டும். வெயிலோ இன்னொரு சோதனை. முயலுக்கு வியர்த்துத் தணியும் வழியில்லை. காதுகளின் வழியேதான் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றும். தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு ஆராய்ச்சிக்கு உதகையை அடுத்த சாண்டிநல்லாவும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரும் இடமாயின என்றால் காரணமின்றியன்று. கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூர்ப் பகுதியில், தகரக் கூரையின் கீழ் ஓர் உயிரை இரண்டாக்குவது துணையாகாது. துன்பத்தை இரட்டிப்பதே ஆகும்.

ஆகவே நம் முடிவு இது: நிழலும் விசாலமும் மருத்துவமும் பொறுமையும் எட்டு, பத்து ஆண்டுகள் பேணும் உறுதியும் உள்ள வீடு துணை தேடட்டும், அது நற்செயல். அவ்வசதி இல்லாத வீடு, முயல்களை நன்கு பேணும் வேறொருவரிடம் அதை ஒப்படைப்பதை எண்ணட்டும். அதுவும் இயலாதெனில் கூண்டைத் திறந்து, தரையில் அமர்ந்து, நாள்தோறும் தம் நேரத்தைக் கொடுக்கட்டும். மனிதர் முயலுக்கு முழு ஈடாக மாட்டார். எனினும் வெறுங்கூண்டைவிட மேலானவர். செய்யக்கூடாதது ஒன்றே: கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுவது.

இறுதியாக ஒன்று. அந்தச் சிறுவனின் சொற்களை மீண்டும் கேளுங்கள். "எனக்குத் துணையாக இது வந்தது" என்றான். அவனுடைய தனிமைக்கு நாம் ஒரு முயலை வாங்கினோம்; முயலின் தனிமைக்கு இன்னொரு முயலை வாங்க நினைக்கிறோம். நாம் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் விலைக்கு வாங்கிய ஒன்றால் நிரப்பிவிட்டு நகர்கிறோமே, இந்தச் சங்கிலி எங்கே முடியும்? அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அரைமணி நேரம், தந்தையோ தாயோ, முறைவைத்தேனும், அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்தால், முயலுக்கு என்ன செய்வது என்பதை இருவருமாகவே கண்டுகொள்வார்கள். முயல் பேசாது, பிள்ளை அதற்காகவும் பேசினான், தனக்காகவும் பேசினான். இரண்டையும் கேட்கும் செவி நமக்கு வாய்க்க வேண்டும்.